வயிறு நிறைந்த பின்னும் நிற்காத கை



இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, பாம்புக்கடி, களைக்கொல்லி மருந்து என்று எத்தனையோ சங்கதிகளை நாம் பேசுகிறோம். இந்தத் தடவை, வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கப்படும் ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தின்பதைப் பற்றிய நோய். "சாப்பாட்டிலே என்னய்யா நோய்? பசிச்சா சாப்பிடப் போறோம்" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குடும்பங்களில் வந்தவர்கள் நாம். கிடைத்தபோதே சாப்பிடு, தட்டில் மிச்சம் வைக்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள். ஆகையால் ஒருவர் நிறையச் சாப்பிட்டால் நாம் கவலைப்படுவதில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷம்தான் படுகிறோம்.

ஆனால் இப்படியும் ஒரு நிலைமை உண்டு. இரவு பத்து மணிக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகு, ஒருவர் எழுந்து அடுப்படிக்குப் போகிறார். ராத்திரிச் சாப்பாடு ஆகிவிட்டது, பசியும் இல்லை. ஒரு பிஸ்கட் எடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் டின் காலி. அடுத்து பானையில் இருந்த சோறு, குழம்புச் சட்டியின் அடி, பிள்ளைகளுக்கு வைத்திருந்த ரொட்டி. "போதும், நிறுத்து" என்று மனசு சொல்கிறது, கை நிற்பதில்லை. வயிறு வலிக்கும் வரை இது நடக்கிறது. பிறகு காலி டின்னைக் குப்பைக்கு அடியில் மறைத்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு படுக்கிறார். காலையில் யாரிடமும் சொல்வதில்லை.

இது பெருந்தீனி அல்ல, ஆசையும் அல்ல. இது ஒரு நோய். அமெரிக்க டாக்டரான ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். எனினும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம் பெற்றது 2013-இல்தான். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. நமது பேச்சு வசதிக்காக இதை 'அடங்காத் தீனி' என்று வைத்துக்கொள்வோம். தின்ற பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பதும், பேதி மாத்திரை போடுவதும் வேறொரு நோய். அடங்காத் தீனியில் அவை வழக்கமாக இருப்பதில்லை. தின்றது உள்ளேயே தங்கிவிடுகிறது, கூடவே வெட்கமும்.

தமிழுக்கு இந்த எண்ணம் முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பவள் வருகிறாள். முனிவர் ஒருவரின் சாபத்தால் அவளுக்கு 'யானைத்தீ' என்னும் நோய். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசியுடன் 12 ஆண்டுகள் அவள் அலைகிறாள். கடைசியில் அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றில்தான் அந்தத் தீ அணைகிறது. ஆனால் காயசண்டிகைக்கு இருந்தது பசி. நாம் இங்கே பேசும் ஆளுக்குப் பசியே இல்லை, அதுதான் வித்தியாசம். அதனால் அவருக்கு எந்த அமுதசுரபியும் உதவாது.

சரி, இந்த நோய் இருக்கிறதா என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது, எக்ஸ்ரேயும் கிடையாது. கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கையேடு சொல்லும் விதி இது: கொஞ்ச நேரத்துக்குள், அதாவது இரண்டு மணி நேரத்துக்குள், அதே நிலைமையில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட நிச்சயமாக அதிகமாகச் சாப்பிட வேண்டும், சாப்பிடும்போது தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் போக வேண்டும். இது மூன்று மாதமாக, வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும், அதனால் மனவேதனை இருக்க வேண்டும். இவற்றோடு ஐந்து அடையாளங்களில் மூன்றாவது காண வேண்டும். வழக்கத்தைவிட வேகமாகத் தின்பது, வயிறு முட்டி அவஸ்தைப்படும் வரை தின்பது, பசியில்லாமலே நிறையத் தின்பது, வெட்கத்தால் தனியாகத் தின்பது, தின்ற பிறகு அருவருப்போ குற்ற உணர்ச்சியோ வருவது ஆகியவையே அந்த ஐந்து.

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அடையாளங்களைக் கொண்டுவந்து ஒரு தோட்டத்து லயத்தில் வைத்துப் பாருங்கள்.

'மற்றவர்களைவிட அதிகம்' என்கிறார்கள். எந்த மற்றவர்கள்? விடியற்காலையில் வெறும் கோப்பி-ஓ குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போய், பகல் வரை செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிற ஆள் தட்டு நிறையச் சோறு போட்டுத்தான் சாப்பிடுவார். ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும் கிராணி அதைப் பார்த்தால் மலைத்துப் போவார். ஆனால் அது உழைத்த உடம்பு கேட்கிற சோறு, நோய் அல்ல. தீபாவளிக்கு நாலு வீட்டில் சாப்பிடுவதும், கோயில் திருவிழாவில் பந்தியில் இரண்டு முறை உட்காருவதும், தைப்பூச விரதம் முடிந்து பத்துமலையிலிருந்து வந்து வயிறு நிறையச் சாப்பிடுவதும் அப்படித்தான். அந்தச் சாப்பாட்டில் வெட்கம் இல்லை, ஒளிவும் இல்லை.

'வேகமாகத் தின்பது' என்கிறார்கள். லாரி காத்துக்கொண்டிருக்கிறது, நிறுவைக்கு நேரமாகிறது என்றால் யார்தான் மெதுவாகத் தின்பார்கள்? சிறு வயதிலிருந்தே நமக்கு அப்படிப் பழக்கமாகிவிட்டது.

'தனியாகத் தின்பது' என்கிறார்கள். இதைக் கேட்டால் நமது தாய்மார்கள் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிடுவதுதானே நம் வீட்டு வழக்கம்! சோற்றை வீணாக்கக் கூடாதென்று பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வழித்து உண்கிறவர்களுக்கு, தாங்கள் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கணக்கே தெரியாது. "தனியாச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாத் தாய்மாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் எல்லோருக்கும் நோய் என்றாகிவிடுமா? கேட்க வேண்டியது வேறு: "யாராவது பார்த்துடுவாங்களோன்னு ஒளிஞ்சு சாப்பிடுறீங்களா?"

ஆக, ஒரு நாட்டில் எழுதின கேள்வியை இன்னொரு நாட்டில் அப்படியே கேட்டால் விடை பிசகும். இது நமது கற்பனை அல்ல, ஆராய்ச்சியாளர்களே அனுபவித்துப் பார்த்ததுதான். மைக்கேல் கிங், தினேஷ் பூக்ரா என்னும் இரு டாக்டர்கள், மேல்நாட்டில் எழுதப்பட்ட ஒரு கேள்வித்தாளை வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது 1989-இல் வெளிவந்தது. ஏராளமான பெண்களுக்குக் கோளாறு இருப்பதுபோல் மதிப்பெண் ஏறிவிட்டது. காரணத்தைத் துருவிப் பார்த்தால் வேடிக்கை! உணவைச் சிறு துண்டுகளாக்கிச் சாப்பிடுவதுண்டா என்ற கேள்விக்கு அந்தப் பெண்கள் உள்ளபடி "ஆமாம்" என்றிருக்கிறார்கள், அங்கே ரொட்டியைப் பிய்த்துத்தானே சாப்பிட வேண்டும். சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டா என்றதற்கு, விரதம் இருக்கிற பழக்கத்தை நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி பார்த்தது நோயை அல்ல, ஊர்ப் பழக்கத்தை.

இங்கிலாந்தில் 1999-இல் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை வந்தது. மூன்று மாதத்தில் ஒரு 'ஸ்டோன்' எடை குறைந்ததா என்று அதில் ஒரு கேள்வி. ஸ்டோன் என்பது அவர்களுடைய பழைய நிறுவை, ஏறக்குறைய ஆறரைக் கிலோ. நம்மிடம் வந்து "ஒரு கல்லு எடை" என்றால் யாருக்கு விளங்கும்? இதையாவது கிலோவாக மாற்றிவிடலாம், மனசைப் பற்றிய சொற்களைத்தான் மாற்றுவது சிரமம். ஹாங்காங்கில் சிங் லீ என்னும் டாக்டர் 1990-களில் எடுத்துக் காட்டியது இது: சாப்பிட மறுத்து மெலிந்துபோன சீனப் பெண்களில் பலர், மேல்நாட்டுப் பெண்களைப்போல "குண்டாகிவிடுவேனோ என்று பயம்" எனச் சொல்லவில்லை, வயிறு உப்பிக்கொள்கிறது என்றுதான் சொன்னார்கள். நமது ஆட்களும் இப்படித்தானே! மனசில் பாரம் இருந்தால் "நெஞ்சைக் கரிக்குது, வாயு அடைக்குது, தலை கிறுகிறுங்குது" என்றுதான் கிளினிக்கில் சொல்வோம். "எனக்குக் குற்ற உணர்ச்சி" என்று யார் சொல்லப் போகிறார்கள்? சென்னையில் சீனிவாசனும் அவருடன் இருந்த டாக்டர்களும் 1990-களில் மாணவர்களிடையே இந்த மாதிரிக் கோளாறுகளை ஆராய்ந்தபோது, அந்நிய நாட்டுக் கேள்விகளை மட்டும் நம்பாமல் நம் நாட்டு நிலைமைக்கு என்று ஒரு கேள்வித்தாளைத் தயாரித்ததும் இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய், நமக்கில்லை" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது அதைவிடப் பெரிய பிசகு. பசிபிக் தீவான ஃபிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப்போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களும் வாழ்கிற தீவு அது. அங்குள்ள பூர்வகுடி மக்களிடம், வந்தவரை வற்புறுத்திச் சாப்பிட வைப்பதும் விருந்தில் நிறையச் சாப்பிடுவதும் மரியாதை. ஆன் பெக்கர் என்னும் ஆராய்ச்சியாளர் அந்தப் பெண்களிடம் பேசிப் பார்த்து எழுதிய கட்டுரை 2003-இல் வந்தது. விருந்துச் சாப்பாடு வேறு, அடக்க முடியாமல் தின்று வேதனைப்படுவது வேறு என்பது அங்கேயும் தெரிந்தது. வேதனைப்படுகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் ஒரு நல்ல திருத்தம் செய்திருக்கிறது. தின்ற அளவு ரொம்பப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்று அது கேட்கவில்லை. தனது வழக்கத்தைவிட மாறுபட்டு, நிறுத்த முடியாமல் தின்கிறாரா என்பதே முக்கியம். எமது கருத்தில், நமது மாதிரி ஆட்களுக்கு இந்த அளவுகோல்தான் பொருத்தம். எத்தனை தட்டு என்று எண்ணுவதைவிட, நிறுத்த முடிந்ததா என்று கேட்பதே முறை.

நம் நாட்டுக்கு வருவோம். 1982-இல் அமெரிக்காவில் கோர்மலி என்பவரும் மற்றவர்களும் 16 பகுதிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நான்கு வாக்கியங்கள் இருக்கும், தனக்குப் பொருந்துவதை நோயாளி குறித்துக் கொடுக்க வேண்டும். மொத்தம் 46 மதிப்பெண், 27-ஓ அதற்கு மேலோ போனால் நிலைமை கடுமை என்று அர்த்தம். இதை மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் மலாய் மொழியில் ஆக்கி, பருத்த உடம்புள்ள 70 பேரிடம் சோதித்து, 2013-இல் வெளியிட்டார்கள். கேள்வித்தாள் சொன்னதையும், டாக்டர் நேரில் உட்கார்ந்து விசாரித்துச் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். நோய் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 85 பேரையும், நோய் இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 95 பேரையும் அது சரியாகப் பிரித்துக் காட்டும் என்று தெரிந்தது. நல்ல வேலைதான், பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, கேள்வித்தாள் சொல்வது தீர்ப்பல்ல, சல்லடை மாதிரி. நோயுள்ள சிலரை அது விட்டுவிடும், நோயில்லாத சிலரைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு டாக்டர் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, சோதித்தது பருத்தவர்களை. இந்த நோயோ சாதாரண உடம்புக்காரர்களுக்கும் வரும். பெண்களுக்கு மட்டும் என்றும் இல்லை. 2007-இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த நோய் கண்டவர்கள் பெண்களில் 100-க்கு 3.5 பேர், ஆண்களில் 2 பேர். மூன்றாவது, அது மலாய் மொழியில் இருக்கிறது. ரவாங்கில் பிறந்து மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்தில் காலம் தள்ளிய அம்மாவுக்கு? கடையில் சாமான் வாங்குகிற மலாய் வேறு, மனசைத் திறக்கிற மலாய் வேறு.

பல வீடுகளில் மகளோ மருமகளோதான் கிளினிக்குக்குக் கூடப் போய் மொழிபெயர்க்கிறாள். ராத்திரி ஒளிந்து தின்னும் கதையை மகள் வாயால் டாக்டருக்குச் சொல்லச் சொன்னால் எந்தத் தாய் சொல்வாள்? "ஒண்ணுமில்லே டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று கேள்வி முடிந்துவிடும். தமிழ் தெரிந்த மிஸ்ஸி இருக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். அது தப்பில்லை.

இவ்வளவு தூரம் நாம் வற்புறுத்தக் காரணம் இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு அரசாங்கச் சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டின் இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேருக்கு மேல் இனிப்பு நீர் இருந்தது. மற்ற எந்தப் பெரிய இனத்தாரையும்விட இது அதிகம். மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறோம், சீனி குறையவில்லை. "என்னம்மா, சோத்தைக் குறைன்னு சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று கோபிக்கிறார்கள். அந்தத் திட்டைக் கேட்டு வீட்டுக்கு வந்து, இனிமேல் பகலில் சாப்பிடவே கூடாதென்று காலைப் பசியாறலையும் மத்தியானச் சோற்றையும் விட்டுவிடுகிறார் அந்த அம்மா. அடங்காத் தீனிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. பகலெல்லாம் கட்டிப் போட்ட வயிறு, ராத்திரியில் அவிழ்த்துக்கொள்கிறது. மறுபடி தீனி, மறுபடி வெட்கம், மறுபடி பட்டினி. சீனி ஏறுகிறது, மருந்து கூட்டப்படுகிறது. உள்ளே நடப்பது என்னவென்று கேட்காமல் மருந்தை மட்டும் கூட்டினால் எப்படிச் சரியாகும்?

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் சில வகை இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சில சமயம் ரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், படபடப்புடன் அகோரப் பசி எடுக்கும். அப்போது உடனே இனிப்பு சாப்பிடத்தான் வேண்டும். அது அடங்காத் தீனி அல்ல, உயிர்காப்பு. அடிக்கடி அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்தளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டிராய்டு மருந்துகளும், சில மனநோய் மருந்துகளும்கூடப் பசியைத் தூண்டும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது, உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் யாரும் வேண்டாம். போன மூன்று மாதத்தில், "வேணாம் வேணாம்" என்று நினைத்துக்கொண்டே நிறுத்த முடியாமல் தின்றது உண்டா? வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறதா? அப்போது உண்மையிலேயே பசி இருந்ததா, இல்லை சண்டை, கடன், தனிமை, அலுப்பு என்று மனசுதான் எதையோ தேடியதா? தின்ன பொட்டலத்தை ஒளித்ததுண்டா? கடைக்காரர் கேட்டால் "பிள்ளைகளுக்கு" என்று பொய் சொன்னதுண்டா? அதை நினைத்து மறுநாள் வேலையில் மனசு ஓடாமல் இருந்ததா? பந்தியில் நாலு பேர் முன்னால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பது வேண்டாம், விளக்கணைத்த பிறகு நடப்பதைச் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றுக்கு "ஆமாம்" என்றால், கிளினிக்கில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலமாரியைப் பூட்டாதீர்கள், பிஸ்கட்டை எண்ணி வைக்காதீர்கள், "யானை மாதிரித் திங்கிறே" என்று பிள்ளைகள் முன்னால் கேலி செய்யாதீர்கள். இப்படிச் செய்தால் தின்பது நிற்காது, ஒளிவதுதான் கூடும். அவரும் எல்லோருடனும் உட்கார்ந்து மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரு நாள் பரிமாறினால் ஒன்றும் குறைந்து போகாது.

சிகிச்சை உண்டு, அது பெரும்பாலும் பேச்சுச் சிகிச்சை. எப்போது, எதைத் தின்றோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவரச் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தை ஒழுங்கு செய்வார்கள். எந்த எண்ணம் வந்ததும் கை அடுப்படிக்குப் போகிறது என்று கண்டு, அதை வேறு பக்கம் திருப்பப் பழக்குவார்கள். இங்கிலாந்து அரசாங்கத்தின் 2017-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, முதலில் வழிகாட்டுதலுடன் கூடிய இந்தச் சுயபயிற்சியைத்தான் சொல்கிறது. எடை உடனே இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. தீனி அடங்குவதுதான் முதல் வேலை. எழுதத் தெரியாதவர்கள் சும்மா கோடு போட்டுக் காட்டினாலும் போதும்.

ரவாங் வட்டாரத்தில் உள்ளவர்கள் முதலில் ரவாங் அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் செலாயாங் அல்லது சுங்கை பூலோ ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அங்கிருந்து கடிதம் கொடுப்பார்கள். மனநலப் பிரிவு என்றதும் "பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று பின்வாங்காதீர்கள், தூக்கமில்லை என்று போகிறவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரில் போக முடியாதவர்கள் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி 15555 எண்ணைக் கூப்பிடலாம். இனிப்பு நீர் அட்டை உள்ளவர்கள் தனியாக நாள் கேட்க வேண்டியதில்லை, அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போகும்போதே சொல்லிவிடலாம். தமிழ் தெரிந்தவர் இருந்தால், "ராத்திரியிலே சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியலே, ஒளிஞ்சு சாப்பிடுறேன், மனசு கஷ்டமா இருக்கு" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் மலாயில், "சாயா தாக் போலே பெர்ஹெந்தி மாக்கான்" என்ற ஒரு வாக்கியம் போதும். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.